மார்லிஸ் மன்னித்த பந்துகள்

கெல்டனில் மார்லிஸ் டோலுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. முப்பத்தோரு வருடமாக ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேருந்தை ஓட்டுகிறவர். இன்று வங்கியில் மேலாளராக இருப்பவர், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், ஷெரிப் என்று எல்லோரும் ஒரு காலத்தில் கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். எங்கள் அணியின் முதலாளியம்மா திருமதி பேம் உட்பட எல்லோருக்கும் அவர் 'மிஸ் மார்லிஸ்'தான். பேருந்தில் அவ்வளவு கறாரான மனுஷி, கையில் பென்சிலைப் பிடித்தால் இளகிவிடுவார் என்பது வெகுநாள் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் அணியின் ஆட்டக் கணக்குகளை அலசி அதைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையில் இருந்தவன் நான்தான்.

பள்ளிக்கூடம் மூடியிருக்கிற கோடை மாதங்களில் மார்லிஸ், கெல்டன் கொக்குகள் என்ற எங்கள் பேஸ்பால் அணியின் மைதானத்தில் அதிகாரப்பூர்வ ஸ்கோரர். பத்தொன்பது கோடைகளாக, பார்வையாளர் வரிசைகளுக்கு மேலே அதே கூண்டு, அதே மடக்கு நாற்காலி. லீக் அவருக்குக் கொடுப்பது பெட்ரோல் செலவுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். ஆனால் அதிகாரம் பெரியது. அடிக்கப்பட்ட பந்து தடுப்பவனைத் தாண்டிப் போனால், அது அடித்தவனின் சாமர்த்தியமா, தடுத்தவன் கோட்டை விட்டதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் ஒருவர்தான். சாமர்த்தியம் என்றால் 'ஹிட்'. கோட்டை விட்டது என்றால் 'பிழை'. எது சொன்னாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது, வந்த ரன் வந்ததுதான். யார் பெயரில் அது ஏறுகிறது என்பதுதான் மாறும். பிழையால் வந்த ரன் பந்துவீசியவன் தலையில் ஏறாது. ஹிட்டால் வந்தது முழுக்க அவன் தலையில்.

கூண்டுக்கு நேர் கீழே இருக்கும் வரிசையில் ஜேனெல் ரூஸிச்கா உட்காருவார். பிரதான வீதியில் பேக்கரி வைத்திருக்கிறவர். அவருடைய மகன் கோல்பிதான் எங்கள் ஷார்ட்ஸ்டாப். ரன்னுக்கு ஓடுகிறவர்கள் தொட்டுப் போக வேண்டிய தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்று, தரையோடு சீறி வரும் பந்துகளைப் பிடிக்க வேண்டியவன். இருபத்தேழு வயது. உள்ளூர்ப் பையன் என்று சொல்லிக்கொள்ள அணியில் மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மார்லிஸின் பேருந்தில் போய் வந்தவன். அவனுக்காகவே டிக்கெட் வாங்குகிற குடும்பங்கள் ஊரில் நூறாவது இருக்கும்.

அந்தக் கோடையில் அணி பரிதாபமான நிலையில் இருந்தது. கடைசியாக இறுதிச் சுற்றுக்குப் போய்ப் பதினோரு வருடம். அதன் பிறகு பெரும்பாலும் கடைசி இடம். பெரிய ஊர் அணிகளுக்கு விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கு டிராக்டர் விற்கிற திருமதி பேம் மட்டும்தான். ஜூலை மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்: இந்த அணி மறுபடி தலைநிமிர வழி இருக்கிறதா, இல்லையா? உள்ளூர் மைதானத்துக்கு வருகிற ஜனம் ஏன் தோல்வியையே பார்த்துவிட்டுப் போகிறது? ஒரு அறிக்கை எழுதிக் கொடு என்றார்.

நான் பக்கத்து மாவட்டத்தில் நூற்று நாற்பது பேர் வசிக்கிற ஒரு கிராமத்துக்காரன். பன்றிப் பண்ணை வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், அதுவும் புள்ளியியலில். கேட்ட மாத்திரத்தில் மூன்று பக்கம் எழுதி, அட்டை போட்டுக் கொடுத்தேன். உள்ளூர் மைதானத்தில் எங்கள் தடுப்பாட்டம் லீக்கிலேயே முதலிடம், பிழைகள் மிகக் குறைவு, ஓட்டை பந்துவீச்சில் இருக்கிறது, மூன்று பந்துவீச்சாளர்களை மாற்றினால் இரண்டு வருடத்தில் அணி தேறும் என்று எழுதியிருந்தேன். மாற்ற வேண்டியவர்களில் முதல் பெயர் ஒஸ்வால்டோ பிரீட்டோ.

ஒஸ்வால்டோ வெனிசுவேலாக்காரன். இருபத்து நான்கு வயது. அவன் வீசும் பந்து மட்டையாளனுக்குக் கிட்டே வரும்போது பொசுக்கென்று கீழே இறங்கும். அதனால் எதிரணி அடிப்பதெல்லாம் தரையோடு உருளும். உருளுகிற பந்தில் பாதி ஷார்ட்ஸ்டாப் பக்கம்தான் போகும். நல்ல கை ஒன்று அங்கே இருந்தால் அவன் ராஜா. இல்லாவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஆறு ரன் என்ற கணக்கில் அவன் தலையில் ஏறியிருந்தது. இந்த லீக்கில் அந்த எண்ணோடு யாரும் இரண்டாவது கோடை ஆடுவதில்லை. அணி அவனை விடுவித்தால் விசாவும் அதோடு போய்விடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தில் ஒஸ்வால்டோ ஐந்து இன்னிங்ஸ் நன்றாகத்தான் வீசினான். ஆறாவதில் இரண்டு பேர் அவுட், மூன்று தளங்களிலும் எதிரணி ஆள். அடித்த பந்து கோல்பிக்கு இடப்பக்கம் இரண்டு எட்டு தூரத்தில் உருண்டது. அவன் குனிந்தான். பந்து கையுறையின் நுனியில் பட்டு, விலகி, பின்னால் புல்லுக்குள் ஓடியது, அதற்குள் இரண்டு பேர் ரன் எடுத்துவிட்டார்கள். கூட்டம் பெருமூச்சு விட்டது. மூச்சு அடங்குவதற்குள் ஸ்கோர் பலகையில் 'ஹிட்' விளக்கு எரிந்தது. அடுத்தவன் அடித்த அடியில் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மொத்தம் நான்கு ரன், நான்கும் ஒஸ்வால்டோ தலையில். அவன் பலகையை ஒரு தரம் பார்த்தான், குனிந்து காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ராய்ஸ் ட்ரூவிட் என்னிடம், நாளை நண்பகலுக்குள் ஒஸ்வால்டோவை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னார். என் அறிக்கையின் முதல் பலன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

திங்கள் காலை எட்டரைக்கு, ஞாயிறு ஆட்டத்தின் தாளில் கையெழுத்து வாங்க மார்லிஸைத் தேடிப் போனேன். வருடாந்திர பரிசோதனைக்காகப் பேருந்துக் கொட்டகையில் இருந்தார். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இருக்கைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த பபிள்கம்மைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் என் அறிக்கையை எடுத்து நீட்டி, நம் ஊர்த் தடுப்பாட்டம் எப்படி முதலிடம் என்று பாருங்கள் என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். வெகுநேரம் ஒரே வரியில் விரலை வைத்திருந்தார்.

"இது நம்ம மைதானத்துக் கணக்கு மட்டுமா?"

"ஆமா மிஸ் மார்லிஸ். முதலாளியம்மா அதைத்தான் கேட்டாங்க."

"வெளியூர்ல?"

வெளியூரில் கோல்பிக்குப் பதினைந்து பிழை, உள்ளூரில் இரண்டு என்றேன். சொல்லிவிட்டு, கெல்டனில் எல்லோரும் சொல்வதையே நானும் சேர்த்துச் சொன்னேன்: வெளியூர் ஸ்கோரர்களுக்கு எப்போதும் நம் மேல் காழ்ப்பு, நம் பையன்கள் தும்மினாலும் பிழை போடுவார்கள். இது எங்கள் ஊரில் தண்ணீர் குடிப்பது மாதிரி சாதாரணமாக எல்லோரும் நம்புகிற விஷயம். சலூனில் நம்புவார்கள், சர்ச்சில் நம்புவார்கள், ராய்ஸும் நம்பினார். பட்டம் வாங்கிய நானும் அதை எண்ணிப் பார்க்கத் தோன்றாமல் நம்பியிருக்கிறேன்.

மார்லிஸ் பேருந்தின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு ஊர். ஆறு ஸ்கோரர். ஆறு பேருக்கும் ஒரே காழ்ப்பா?" என்று கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

பிறகு எழுந்து போய் தன் காரிலிருந்து இந்தப் பருவத்து நோட்டை எடுத்து வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனசுக்குப் பிழை என்று பட்டும் கை ஹிட் என்று எழுதிவிட்ட இடங்களில், பென்சிலால் பொடியாக ஒரு புள்ளி வைத்துவிடுவார். வேறு யார் கண்ணுக்கும் அது தூசி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். முப்பத்தோரு புள்ளிகள். இருபத்திரண்டு கோல்பியின் பக்கம். அதில் பதினான்கு, ஒஸ்வால்டோ பந்துவீசிய நேரத்தில். ஞாயிறு ஆட்டத்துப் புள்ளியும் அதில் ஒன்று.

நான் பேருந்தின் பக்கவாட்டில் தாளை வைத்துக் கணக்குப் போட்டேன். பதினான்கையும் பிழை என்று எடுத்தால் ஒஸ்வால்டோவின் ஆறு, மூன்றரைக்கு இறங்குகிறது. லீக்கில் முதல் பத்துப் பேரில் ஒருவன். நான் முதல் பெயராக எழுதிக் கொடுத்தவன்.

"அந்தப் பையன் தப்பு பண்ணா அவங்கம்மா என் கண்ணு முன்னாடி தலையைக் குனிஞ்சுக்குவா," என்றார் மார்லிஸ். "அதைப் பார்க்க முடியாம ஹிட்டு போட்டேன். யாருக்கு என்ன நஷ்டம், தோத்தது தோத்ததுதானேன்னு நினைச்சேன்."

லீக் விதிப்படி ஸ்கோரர் தன் தீர்ப்பை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாற்றலாம். அதன் பிறகு கல்லில் எழுதிய மாதிரி. ஆக, மாற்ற முடிவது ஞாயிற்றுக்கிழமைப் பந்து ஒன்றைத்தான். அதை அங்கேயே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். ஆறு என்பது ஐந்தரை ஆயிற்று. ஐந்தரைக்காக ராய்ஸ் மனதை மாற்றிக்கொள்ள மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். மற்ற பதின்மூன்றும் தாளில் இல்லை, மார்லிஸின் வாயில்தான் இருந்தன. அவரே ராய்ஸிடம் போய், 'நான் பொய்யாக எழுதினேன்' என்று சொன்னால்தான் உண்டு. மணி பத்தாகியிருந்தது.

ராய்ஸிடம் போவதற்கு முன் கோல்பியிடம் சொல்ல வேண்டும், முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் தனக்கு இல்லை என்றார். பேக்கரிக்குப் போனோம். ஆட்டமில்லாத நாட்களில் கோல்பி அம்மாவுக்கு மாவு பிசைந்து கொடுப்பான். கல்லாவில் நின்ற ஜேனெல், வழக்கம்போல் ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன் இரண்டைத் தாளில் வைத்து நீட்டினார். மார்லிஸ் கையை நீட்டவில்லை. வந்த விஷயத்தை நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

ஜேனெல் முகம் சிவந்துவிட்டது. மகன் முழங்கால் அறுவைக்குப் பிறகும் எழுந்து வந்து ஊருக்காக ஆடுகிறான் என்றார். வெளியூர்க்காரனுக்காக உள்ளூர்ப் பிள்ளை பெயரைக் கெடுக்க வந்திருக்கிறாயா என்றார். சட்டமெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வந்ததா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கோல்பி மாவுக் கையோடு உள்ளேயிருந்து வந்தான்.

"அம்மா, விடு. மிஸ், எனக்குத் தெரியும்."

"என்னடா தெரியும்?"

"இடப்பக்கம் ஒரு எட்டு எனக்குக் குறைஞ்சுபோச்சு. முன்னாடி போன இடத்துக்கு இப்ப கால் போகமாட்டேங்குது. ஒவ்வொரு தடவை பலகையில ஹிட்டுன்னு வரும்போதும் நான் ஒஸ்வால்டோ முகத்தைப் பார்க்கிறதில்ல. பார்க்கத் தைரியம் கிடையாது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. மே மாசமே ராய்ஸ்கிட்ட, என்னை முதல் தளத்துல போடுங்க, அங்க ஓட வேண்டியதில்லன்னு கேட்டேன். அவர் இவன் வாரா வாரம் போடுற கணக்குத் தாளைக் காட்டி, நம்ம மைதானத்துல உன் கை மாதிரி லீக்லயே கை இல்ல, உளறாம போடான்னுட்டார்."

'இவன்' என்றபோது அவன் தாடை என் பக்கம் திரும்பியது. நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரொட்டிகளைப் பார்த்தேன்.

மார்லிஸுக்கு, ராய்ஸ் சொன்ன அந்தப் பதில்தான் ஆழமாகப் பட்டது என்று நினைக்கிறேன். ஒரு பையனைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் நகர்ந்துகொள்ள இருந்த வழியையும் அவரே அடைத்திருக்கிறார். ஜேனெல் நீட்டிய தாளைச் சுருட்டிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார். நாங்கள் வெளியே வந்தபோது கோல்பியும் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடவே வந்தான்.

ராய்ஸின் அறை மைதானத்தின் படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாதது. மேஜை மேல் அந்தத் தாள் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. மார்லிஸ் நோட்டைப் பிரித்து, புள்ளி புள்ளியாகத் தேதி சொல்லி வாசித்தார். பேருந்தில் வருகைப் பதிவு எடுக்கிற அதே குரல். முடிக்கும்வரை ராய்ஸ் குறுக்கிடவில்லை. முடித்ததும் வெடித்தார். மூன்று வருடமாக நல்ல நல்ல பந்துவீச்சாளர்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர்களில் எத்தனை பேர் உங்கள் புள்ளியால் போனார்கள் என்று கேட்டார்.

"தெரியல," என்றார் மார்லிஸ். "பழைய நோட்டெல்லாம் வீட்டுல இருக்கு. எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன். இன்னைக்கு இவனை அனுப்பாதீங்க."

"லீக்குக்குத் தெரிஞ்சா உங்களை அந்தக் கூண்டுல ஏறவிடமாட்டான்."

"காலையிலயே கடிதாசி போட்டுட்டேன்."

அது எனக்கே புதிய செய்தி. கொட்டகையில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கைபேசியில் தட்டி அனுப்பியிருக்கிறார்.

ராய்ஸ் கோல்பியைப் பார்த்தார். கோல்பி தலையை மட்டும் ஆட்டினான். பிறகு என்னைப் பார்த்து, உன் தாள் இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டார். தாள் எப்போதும் போலத்தான் இருக்கிறது, நான்தான் யார் எழுதினது, எங்கே எழுதினது என்று பார்க்காமல் படித்துவிட்டேன் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பட்டம் வாங்கினதைவிடக் கஷ்டமாக இருந்தது. ராய்ஸ் விடுவிப்புத் தாளை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். செவ்வாயிலிருந்து கோல்பி முதல் தளத்தில், ஷார்ட்ஸ்டாப்பில் இதுவரை பெஞ்சில் குந்தியிருந்த டெக்சாஸ் பையன், வியாழக்கிழமை ஒஸ்வால்டோ பந்துவீசுவான். பேச்சு அதோடு முடிந்தது.

இதனால் கொக்குகள் அந்த வருடமே கோப்பையைத் தூக்கிவிடவில்லை. கடைசி இடத்திலிருந்து இரண்டு படி ஏறினோம், அவ்வளவுதான். திருமதி பேமுக்கு நான் அறிக்கையைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ஒரே பக்கம். அணி தேறுவதற்கு வழி இருக்கிறது, நம்மிடம் இருப்பவர்களில் யார் எப்படி என்று முதலில் நாமே சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகுதான் ஆள் மாற்றுவது என்று எழுதினேன். லீக், மார்லிஸை அந்தப் பருவம் முடியும்வரை விலக்கிவைத்தது. அவருக்குப் பதிலாகப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஸ்கோரர் இரண்டாவது ஆட்டத்திலேயே எங்கள் பையன்களுக்கு மூன்று பிழை போட்டார். கூட்டம் காழ்ப்பு, காழ்ப்பு என்று கத்தியது. மூன்றும் பிழைதான், நானே பார்த்தேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ராய்ஸின் அறையை விட்டு வெளியே வந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒஸ்வால்டோ வெளியே, மட்டைகள் வைக்கிற இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். காலடியில் அவன் பை, ஜிப் போட்டு, கிளம்பத் தயாராக. யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டிருக்கிறான். மார்லிஸ் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நீ எங்கேயும் போகவில்லை, வியாழக்கிழமை உன் ஆட்டம் என்று முதலில் சொன்னார். அவன் நம்பாமல் கோல்பியைப் பார்த்தான். கோல்பி இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு," என்றார் மார்லிஸ். "பதினாலு தடவை நான் உன் பேர்ல தப்பா எழுதியிருக்கேன். என்னை மன்னிச்சிடு."

ஒஸ்வால்டோ கொஞ்சம் யோசித்தான்.

"பதினேழு, மிஸ்."

"என்னது?"

"பதினேழு தடவை. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மார்லிஸ் அவனை, பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பது போல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நோட்டைத் தொடையில் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்த மூன்று எது எது என்று கேட்டார். அவன் தேதி, இன்னிங்ஸ், அடித்தவனின் சட்டை எண் என்று மனப்பாடமாகச் சொன்னான். முதல் இரண்டையும் அவர் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டார். மூன்றாவது, மே மாதக் கடைசியில் தூறலில் ஆடிய ஆட்டம். அந்தப் பக்கத்தை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இல்லப்பா. இது ஹிட்டு."

"கையில பட்டுச்சு, மிஸ்."

"பட்டா போதுமா? ஈரத்துல அந்தப் பந்தை எந்த மகராசனும் பிடிச்சிருக்க முடியாது. நல்லா அடிச்சான், விழுந்துச்சு. உன் தலையிலதான்."

ஒஸ்வால்டோ வாதாட வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்தான். பையின் ஜிப்பைத் திறந்து, கையுறையை வெளியே எடுத்தான்.

"சரி, பதினாறு," என்றான்.